பழைய க்வில்ட், தீவனச் சாக்குத் துணி சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக்குக் குடிவந்து 20 வருடங்களுக்கு மேல் ஆகிறது. வந்த இரண்டாவது வருடம், பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே ஓர் அட்டைப்பெட்டிக்குள் சுருண்டு கிடந்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றை 12 டாலருக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து விரித்தபோது ஒரு துண்டுத் துணியின் ஓரத்தில் வரிசையாகப் பெரிய ஊசி ஓட்டைகள். அவை எதனால் வந்தன என்று தேடப் போய்த்தான் இந்தச் சேகரிப்பு தொடங்கியது. வீட்டுக்கு வரும் நண்பர்களும் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

க்வில்ட் என்றால் ஒட்டுப்போட்ட போர்வைதானே?

ஏறக்குறைய. ஆனால் ஒட்டுப்போடுவது மட்டும் க்வில்ட் ஆகிவிடாது. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. இந்த மூன்றையும் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டால்தான் அது க்வில்ட். துண்டுகளை இணைத்து மேல்துணியை மட்டும் முடித்து, பஞ்சு வைக்காமல் விட்டிருந்தால் அதை ‘டாப்’ என்பார்கள். தையலுக்குப் பதில் அங்கங்கே நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டியிருப்பதும் உண்டு. குளிர் வந்துவிட்டது, நேரமில்லை என்றால் அப்படிக் கட்டிவிடுவார்கள். மேல்துணி ஒட்டுப்போடாத ஒரே துணியாகவும் இருக்கலாம். வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் தைத்த பழைய க்வில்டுகள் இருக்கின்றன.

தீவனச் சாக்குத் துணி என்பது என்ன?

சாக்கு என்றதும் நமக்குச் சணல் கோணிதான் ஞாபகம் வரும். இது அதுவல்ல, பருத்தித் துணி. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதி வரை இங்கே மாவு, சர்க்கரை, விதை எல்லாமே மரப் பீப்பாய்களிலும் பெட்டிகளிலும்தான் போயின. துணிப்பையில் கொட்டினால் கையால் போட்ட தையல் பாரம் தாங்காது. 1846இல் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிய பிறகு அந்தத் தடை நீங்கியது. இயந்திரத் தையல் 100 பவுண்டு பாரத்தையும் தாங்கியது. பீப்பாயின் இடத்தைத் துணிச் சாக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தது.

பீப்பாயின் நினைவு சாக்கின் எடையில் நெடுங்காலம் இருந்தது. ஒரு பீப்பாய் மாவு 196 பவுண்டு. அதனால் மாவுச் சாக்குகள் 98, 49, 24½ பவுண்டு என்று பாதி, கால், அரைக்கால் அளவுகளில் வந்தன. இரண்டாம் உலகப் போரின்போது, 1943இல், அரசு இந்த அளவுகளை 2, 5, 10, 25, 50, 100 பவுண்டு என்று ஒழுங்குபடுத்தியது. எனவே 49 பவுண்டு என்று அச்சிட்ட சாக்கு கிடைத்தால் அது பெரும்பாலும் 1943க்கு முந்தியது. வயது சொல்ல இதைவிடச் சுலபமான தடயம் அபூர்வம்.

சாக்கு காலியானதும் பெண்கள் அதைப் பிரித்துத் துவைத்து, துண்டு, தலையணை உறை, உள்ளாடை, குழந்தைக்கு இடுப்புத் துணி என்று தைத்துக்கொண்டார்கள். 100 பவுண்டு தீவனச் சாக்கைப் பிரித்தால் அகலம் ஏறக்குறைய ஒரு கெஜம், நீளம் ஒரு கெஜத்துக்குக் கொஞ்சம் மேல். பெரியவர் ஒருவருக்கு உடுப்புத் தைக்க மூன்று சாக்கு வேண்டும்.

சாக்கில் போய் ஏன் பூ அச்சிட்டார்கள்?

விற்பனைக்காக. பெண்கள் சாக்கைத் துணியாகப் பயன்படுத்துகிறார்கள் என்று மாவு ஆலைகளுக்கும் பை தயாரிப்பவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. 1924இல் மிசூரியைச் சேர்ந்த ஆசா பேல்ஸ் என்பவர் உடுப்புத் துணியிலேயே சாக்குத் தைக்கும் யோசனைக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். செயின்ட் லூயிஸில் இருந்த ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலை அதை எடுத்துக்கொண்டு ‘ஜிங்கம் கேர்ள்’ என்ற மாவைக் கட்டம்போட்ட துணிச் சாக்கில் விற்றது. அப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பெமிஸ், பெர்சி கென்ட், வெர்தன், சேஸ் என்று பை தயாரிக்கும் கம்பெனிகள் போட்டிபோட்டுப் பூ, கட்டம், புள்ளி, கோழி, ஆட்டுக்குட்டி என்று அச்சிட ஆரம்பித்தன. புது வடிவங்களை வரைய ஓவியர்களை வேலைக்கு வைத்தார்கள். பை தயாரிப்பாளர்களின் சங்கம் சாக்கில் என்னென்ன தைக்கலாம் என்று சிறு புத்தகங்கள் போட்டது.

அந்தக் காலத்துத் தீவனக் கடையை நினைத்துப் பாருங்கள். கோழித் தீவனம் வாங்கக் கிளம்பும் கணவனின் கையில் மனைவி ஒரு துணித் துண்டைக் கொடுத்து அனுப்புவாள்: இதே பூ இன்னும் இரண்டு வேண்டும். அந்தப் பூ அடுக்கின் அடியில் இருக்கும். மேலே இருக்கும் 100 பவுண்டு மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி அடிமூட்டையை எடுத்துக் கொடுக்க வேண்டும். தீவனம் எது என்பதைவிடத் துணி எது என்பதே வியாபாரத்தை முடிவுசெய்தது. பக்கத்துப் பண்ணைப் பெண்களுக்குள் பண்டமாற்றும் நடந்தது.

இதை ஏழைகள் மட்டும்தான் உடுத்தினார்களா?

இல்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் கையில் காசில்லாத குடும்பங்கள்தான் இதை அதிகம் நம்பியிருந்தன. தென் மாநிலங்களில் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டு, அந்தப் பருத்தியில் நெய்த சாக்கையே பிள்ளைகளுக்கு உடுத்திய குடும்பங்களும் உண்டு. ஆனால் போர்க்காலத்தில் கடைகளில் துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, தொழிலுக்கான துணி என்ற வகையில் சாக்குத் துணி தொடர்ந்து கிடைத்தது. அப்போது வசதியான பண்ணை வீட்டுப் பெண்களும் பெருமையாகவே தைத்துப் போட்டார்கள். எனக்குத் தெரிந்த 80 வயது தாண்டிய ஒரு பெண்மணி, தன் முதல் பள்ளி உடுப்பின் துணியை என் பெட்டியில் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். நீல நிறத்தில் வெள்ளை டெய்சிப் பூ. அதைக் கையில் வாங்கி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கூச்சம் கொஞ்சமும் இல்லை.

1950களின் கடைசியில் காகிதப் பை மலிவாகி, துணிச் சாக்கு வழக்கொழிந்தது.

சாக்கின் மேல் இருந்த எழுத்தையும் படத்தையும் எப்படிப் போக்கினார்கள்?

பெரும்பாடுபட்டு. பன்றிக் கொழுப்போ மண்ணெண்ணெயோ தடவி ஒரு ராத்திரி ஊறவைத்து, மறுநாள் காரச் சோப்புப் போட்டுக் கொதிக்க வைத்துத் தேய்ப்பார்கள். அப்படியும் முழுதாகப் போகாது. பின்னாட்களில் கம்பெனிகள் துவைத்தால் போய்விடும் மையில் அச்சிட்டார்கள். சிலர் காகித விளம்பரத்தை மட்டும் சுற்றி ஒட்டி விற்றார்கள்.

போகாத எழுத்துதான் இன்றைக்கு எனக்குப் பொக்கிஷம். என்னிடம் உள்ள ஒரு க்வில்டின் அடித்துணி முழுக்க வெள்ளைச் சாக்கு. பகலில் பார்த்தால் வெறும் வெள்ளை. ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால், வெளிறிய நீலத்தில் ஒரு சேவலின் கொண்டையும் ‘100 பவுண்டு நிகரம்’ என்ற வரியில் பாதியும் தெரியும். தைத்தவர் சேவலைத் தலைகீழாக வைத்திருக்கிறார். அது அடிப்பக்கம்தானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்.

அசல் சாக்குத் துணி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஓட்டைகளைப் பாருங்கள். சாக்கின் பக்கவாட்டிலும் அடியிலும் வாயிலும் தடித்த பருத்தி நூலால் சங்கிலித் தையல் போட்டிருப்பார்கள். சரியான முனையில் நூலைக் கண்டுபிடித்து இழுத்தால் சர்ரென்று மொத்தமும் ஒரே இழுப்பில் பிரிந்து வரும். அந்த நூலையும் உருண்டையாகச் சுற்றி வைத்து, பின்னல் வேலைக்கும் க்வில்ட் தைக்கவும் பயன்படுத்தினார்கள். நூல் போன இடத்தில் ஒரே இடைவெளியில், வீட்டு ஊசி போடும் ஓட்டையைவிடப் பெரியதாக ஒரு வரிசை மிஞ்சும். பலமுறை துவைத்தால் ஓட்டை கொஞ்சம் மூடிக்கொள்ளும், ஆனால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் தெரியும்.

நெசவு கொஞ்சம் முரடாக இருக்கும் என்பார்கள். அதை மட்டும் நம்ப வேண்டாம். சர்க்கரைச் சாக்கு நல்ல மெல்லிய துணி. கோழித் தீவனச் சாக்கிலும் பிற்காலத்தில் தரமான துணி வந்தது. அதோடு ஆலைகள் அதே அச்சுத் துணியைக் கெஜக் கணக்கில் கடைகளிலும் விற்றன. அதனால் ஓட்டை வரிசையோ எழுத்தோ இல்லாத துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும், ‘1930–50 அச்சுத் துணி’ என்றுதான் எழுதி வைக்கிறேன். சாக்குத் துணி என்று எழுதுவதில்லை. இதில் மட்டும் நான் பிடிவாதக்காரன்.

இப்போது அந்தக் காலத்து அச்சைப் பார்த்துப் புதிதாக அச்சிட்ட துணிகள் ஏராளமாக வருகின்றன. நல்ல துணிகள்தான், தைப்பதற்கு ஏற்றவை. பழையது என்று சொல்லி விற்கும்போதுதான் வம்பு. புதுத் துணியின் அகலம் பெரும்பாலும் 42 முதல் 45 அங்குலம் வரை இருக்கும், ஓரக்கரையில் கம்பெனிப் பெயரும் நிறப் புள்ளிகளும் இருக்கும்.

ஒரு க்வில்டின் வயதை எப்படிக் கணிப்பது?

அடிப்படை விதி ஒன்றுதான்: அதில் இருக்கும் துணிகளிலேயே புதியது எதுவோ, க்வில்ட் அதைவிடப் பழையதாக இருக்க முடியாது. வீட்டில் 30 வருடத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்து தைத்திருப்பார்கள். ஒரு துண்டு 1890 என்பதற்காக மொத்தப் போர்வைக்கும் 1890 என்று சொல்லிவிடக் கூடாது.

பிறகு நிறங்கள். வெளிர் பச்சை, இளஞ்சிவப்பு, எலுமிச்சை மஞ்சள், லாவெண்டர் எல்லாம் வெள்ளைத் தரையில் சேர்ந்து வந்தால் 1920களின் கடைசியிலிருந்து 1940கள் வரை என்று நினைக்கலாம். அந்த வெளிர் பச்சையை இங்கே ‘நைல் பச்சை’ என்பார்கள்; ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் எங்கே பார்த்தாலும் தெரியும். அழுத்தமான அவுரி நீலம், சாம்பல், கறுப்பில் வெள்ளைப் புள்ளி என்றால் 19ஆம் நூற்றாண்டின் கடைசி. பச்சையாக இருக்க வேண்டிய இலை மண்நிறமாக வெளிறியிருந்தால், அந்தக் காலத்தில் வந்த நிலைக்காத செயற்கைச் சாயம் காரணமாக இருக்கலாம்.

பஞ்சும் நூலும் பேசும். உள்ளே பாலியஸ்டர் பஞ்சு உப்பலாக இருந்தால் தையல் 1950களின் கடைசிக்குப் பிறகுதான். 1930களில் செய்த டாப்பை 1980களில் யாரோ எடுத்துப் பஞ்சு வைத்து முடித்திருப்பார்கள். இப்படி நிறைய வரும். புற ஊதா விளக்கில் துணி நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது என்று அர்த்தம், அது போருக்குப் பின் வந்தது. ஆனால் பழைய துணியைப் புதுச் சோப்புப் பவுடரில் துவைத்திருந்தாலும் ஒளிரும். ஆகவே இந்த விளக்கு சந்தேகத்தைத்தான் எழுப்பும், தீர்ப்பு சொல்லாது.

இயந்திரத் தையல் இருந்தால் புதியது என்று நினைப்பவர்கள் உண்டு. தவறு. 1860களிலேயே மிஷினில் தைத்த க்வில்டுகள் இருக்கின்றன.

பஞ்சில் விதை தெரிந்தால் 1790களுக்கு முந்தியது என்கிறார்களே?

இல்லை. பருத்தி கடையும் இயந்திரம் 1790களில் வந்தது உண்மை. ஆனால் இயந்திரத்தில் கடைந்த மலிவுப் பஞ்சிலும் விதைத் துணுக்குகள் இருக்கும். 1930களின் க்வில்டை வெளிச்சத்துக்குப் பிடித்தாலும் கறுப்புப் பொட்டுகள் தெரியும்.

அடிமைகள் தப்பிச் செல்ல க்வில்டில் ரகசியக் குறி வைத்துத் தைத்தார்களாமே?

1990களின் கடைசியில் பரவிய கதை இது. வேலியில் தொங்கும் க்வில்டின் வடிவத்தைப் பார்த்து எந்த வழி போகலாம் என்று தெரிந்துகொண்டார்கள் என்பார்கள். கேட்க மனதைத் தொடும். ஆனால் தப்பி வந்தவர்களே எழுதி வைத்த எத்தனையோ வாழ்க்கைக் குறிப்புகளில் இதற்கு ஆதாரம் இல்லை, வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்கவில்லை. அந்தக் குறிகளில் சேர்த்துச் சொல்லப்படும் சில வடிவங்கள் அடிமைக் காலத்துக்குப் பிந்தியவை.

கறுப்பினப் பெண்கள் தைத்த க்வில்டுகளின் உண்மையான கதையே போதுமான அளவு பெரியது. ஜார்ஜியாவில் 1837இல் அடிமையாகப் பிறந்த ஹாரியட் பவர்ஸ், பைபிள் கதைகளைத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த க்வில்டை, வறுமை தாங்காமல் 5 டாலருக்கு விற்றார். கேட்டது 10 டாலர். அது இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய இன்னொரு க்வில்ட் பாஸ்டனில் இருக்கிறது. அலபாமாவில் ஆற்று வளைவுக்குள் இருக்கும் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் பெண்கள், கிழிந்த வேலை உடுப்பு, டெனிம், சாக்கு என்று கையில் கிடைத்ததை வைத்துத் தைத்தார்கள். அந்த க்வில்டுகள் 2002இல் ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னியிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அவற்றை வைத்து அஞ்சல்தலையே வந்தது. முழங்கால் தேய்ந்த இடம் மட்டும் அடர்நீலமாகவும் சுற்றிலும் வெளிறியும் இருக்கும் கால்சட்டைத் துணி அந்த க்வில்டுகளில் உண்டு. ஒட்டுப்போட்டிருந்த இடத்தைப் பிரித்திருக்கிறார்கள். அடியில் வெயில் படாமல் நிறம் அப்படியே இருந்திருக்கிறது.

இதில் நம் ஊருக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

தீவனச் சாக்கில் இல்லை. அது அமெரிக்கப் பருத்தி, அமெரிக்க ஆலை. ஆனால் அதற்கு நூறு, நூற்றைம்பது வருடம் முந்திய க்வில்டுகளில் உண்டு. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயமேற்றிய பூத்துணி ஐரோப்பா போய் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் வந்தது. நாம் சீட்டி என்கிறோமே, இங்கே ‘சின்ட்ஸ்’ என்பது அதையேதான். விலை அதிகம், ஒரு முழத்தையும் வீணாக்க மனம் வராது. அதனால் துணியிலிருந்து ஒவ்வொரு பூவையும் பறவையையும் தனியாக வெட்டி, வெள்ளைத் துணியில் பரவலாக வைத்து ஓரம் மடித்துத் தைத்தார்கள். ஒரு கெஜச் சீட்டி ஒரு கட்டில் அகலத்துக்குப் பரவிவிடும். அப்படிப்பட்ட க்வில்டை முதல்முதலில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபோது, அந்தச் சிவப்பு நம் கடற்கரை மணலில் வளரும் சாயவேரிலிருந்து வந்திருக்கலாம் என்று தோன்றி அங்கேயே நெடுநேரம் நின்றேன். சாதாரண அச்சுத் துணியை இங்கே ‘காலிகோ’ என்பதும் கோழிக்கோட்டின் பெயரால்தான்.

என்னென்ன வடிவங்கள் அதிகம் கிடைக்கும்?

1930களில் எல்லா வீட்டிலும் தைத்தது ‘பாட்டியின் பூந்தோட்டம்’: அறுகோணத் துண்டுகளை வட்டமாகச் சேர்த்துப் பூவாக்குவது. பிறகு தட்டு வடிவ ‘டிரெஸ்டன் பிளேட்’, வளையங்கள் பின்னிக்கொள்ளும் ‘இரட்டைத் திருமண மோதிரம்’, முகத்தை மறைக்கும் தொப்பி போட்ட சிறுமி ‘சன்பான்னெட் சூ’. கேன்சஸ் சிட்டி ஸ்டார் பத்திரிகை 1928 முதல் 1961 வரை க்வில்ட் வடிவங்களை வெளியிட்டது. பண்ணை வீடுகளில் அதைக் கத்தரித்து ஒட்டி வைத்த நோட்டுகளைப் பழைய சாமான் கடைகளில் இன்னும் பார்க்கலாம். நோட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

எங்கே வாங்கலாம்? விலை என்ன?

பண்ணை வீட்டு ஏலங்கள், வீட்டு வாசல் விற்பனை, பழம்பொருள் கடைகள், இணைய ஏலம். என் அனுபவத்தில் சாதாரணப் பூப்போட்ட சாக்கு 15 முதல் 40 டாலர் வரை. பிரிக்காமல் தையலோடு இருக்கும் சாக்கு, காகித லேபிள் கிழியாத சாக்கு, ஒரே அச்சில் மூன்று நான்கு சேர்ந்த கட்டு எல்லாம் கூடுதல். கௌபாய், சர்க்கஸ், கதைப் பாத்திரங்கள் அச்சிட்டவைக்குப் போட்டி அதிகம். நூறு டாலரைத் தாண்டிவிடும். முடிக்காத டாப்பும் உதிரிக் கட்டங்களும் (போர்வையாகச் சேர்க்காமல் விட்ட தனித்தனி ஒட்டுத்துணிச் சதுரங்கள்) முழு க்வில்டைவிட மலிவு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு நான் சொல்வது உதிரிக் கட்டம்தான். பின்பக்கம் திறந்திருக்கும், தையலைப் பார்க்கலாம், ஓட்டையைப் பார்க்கலாம், ஒரு டப்பாவில் நூறு கட்டம் வைக்கலாம்.

வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் மோந்து பாருங்கள். மக்கிய வாடை காற்றாட வைத்தால் குறையும், சிகரெட் வாடை லேசில் போகாது. பிறகு பழுப்பு, கறுப்புத் துண்டுகளை விரலால் மெதுவாகத் தொடுங்கள். அந்தக் காலத்தில் பழுப்புக்கும் கறுப்புக்கும் இரும்பு சேர்த்த சாயம் போட்டார்கள். அது துணியையே அரித்துவிடும். சுற்றியுள்ள துண்டுகள் புத்தம்புதிதாக இருக்க, பழுப்பு மட்டும் தூளாக உதிரும். இதற்கு மருந்து கிடையாது.

தையலை எண்ணுங்கள். கைதேர்ந்தவர் ஒரு அங்குலத்தில் மேல்பக்கம் 8 முதல் 12 தையல் போட்டிருப்பார். அங்குலத்துக்கு மூன்று நான்குதான், அதுவும் தடித்த நூலில், துணியெல்லாம் ஒரே சீராகப் புதிது என்றால், 1980களிலும் 90களிலும் வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான மலிவுப் போர்வையாக இருக்கலாம். 1992இல் ஸ்மித்சோனியன் தன்னிடமிருந்த பழைய க்வில்டுகளின் நகல்களைச் சீனாவில் தைத்து விற்க உரிமம் கொடுத்தது. க்வில்ட் தைப்பவர்கள் கொதித்துப்போய் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்தக் காலத்து இறக்குமதிப் போர்வைகள் முப்பது வருடம் துவைபட்டு இப்போது பழசு போலவே தெரிகின்றன.

துவைக்கலாமா?

துவைக்காமல் இருக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். என்னிடம் இருந்த ‘டிரெஸ்டன் பிளேட்’ ஒன்றை நான் கெடுத்திருக்கிறேன். ஒரே ஒரு சிவப்புத் துண்டில் ஈரப் பஞ்சு வைத்துச் சோதித்தேன், நிறம் இறங்கவில்லை. சரி என்று தொட்டியில் ஊறவைத்தேன். வேறொரு தட்டில் இருந்த இன்னொரு சிவப்பு இறங்கி, வெள்ளைத் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாகப் படர்ந்தது. 80 வருடம் தாங்கிய வெள்ளை அரை மணி நேரத்தில் போனது. இன்றும் அதை எடுக்கும்போது மனது கனக்கிறது.

ஆகவே ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரே நிறம்போலத் தெரிந்தாலும் வெவ்வேறு துணி என்றால் தனித்தனியாக. எதுவும் இறங்காவிட்டால், குளிக்கும் தொட்டியில் ஒரு பழைய விரிப்பைப் போட்டு அதன் மேல் க்வில்டை வைத்து, காரமில்லாத சோப்புக் கரைசலில் ஊறவையுங்கள். இங்கே ‘ஆர்வஸ்’ என்ற சோப்புப் பசையை வாங்குவார்கள், அது மாடு குதிரை குளிப்பாட்டுவதற்கு விற்பது. கசக்கவும் கூடாது, பிழியவும் கூடாது. நனைந்த க்வில்டின் பாரத்தைப் பழைய தையல் தாங்காது, அதனால் அடியிலுள்ள விரிப்போடு சேர்த்து இரண்டு பேராகத் தூக்க வேண்டும். நிழலில் தட்டையாகப் பரப்பிக் காயவைக்கவும். வாஷிங் மெஷின், டிரை கிளீனிங், பிளீச் மூன்றும் வேண்டவே வேண்டாம்.

சாக்குத் துணி மட்டும் என்றால் இவ்வளவு பயம் தேவையில்லை. சாக்கில் என்ன இருந்தது என்று தெரியாது, மருந்து தடவிய விதையாகக்கூட இருந்திருக்கலாம். தைக்கப் போகிறீர்கள் என்றால் கட்டாயம் துவையுங்கள். சேகரிப்புக்கு என்றால் எழுத்தும் ஓட்டையும் போகாதபடி அப்படியே வைத்துவிடுங்கள்.

எப்படிப் பத்திரப்படுத்துவது? அந்துருண்டை போடலாமா?

வேண்டாம். அந்துருண்டை வாடை துணியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், உடம்புக்கும் ஆகாது. பூச்சி சந்தேகம் இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் கட்டி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைத் திறக்காமல் ஒரு நாள் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

நிரந்தரமாகப் பிளாஸ்டிக்கில் வைக்கக் கூடாது. மரப்பெட்டியிலும் நேராக மரத்தில் படும்படி வைக்கக் கூடாது. மரத்தின் அமிலம் பட்ட இடம் பழுப்பாகும். துவைத்த பருத்தி விரிப்பில் சுற்றி, மடிப்புக்குள் அமிலமில்லாத டிஷ்யூ தாளைச் சுருட்டி வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை எடுத்து வேறு இடத்தில் மடித்து வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பஞ்சு அங்கே உடையும். வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள்.

கிழிந்த க்வில்டை வெட்டிப் பை, பொம்மை, கோட்டு தைக்கலாமா?

வெட்டத்தான் லாயக்கு என்று ஒதுக்கியவற்றை இங்கே ‘கட்டர்’ என்று விற்கிறார்கள். நாய் கடித்து, எலி அரித்து, பாதி போனதை என்னவாவது செய்யுங்கள். ஆனால் ஓரம் மட்டும் நைந்த, நடுவில் நான்கு துண்டு போன க்வில்டையெல்லாம் கட்டர் என்று கத்தரி போடுவதை என்னால் பார்க்க முடியவில்லை. ஒருத்தி அதில் ஒரு குளிர்காலம் முழுக்க ராத்திரி உட்கார்ந்திருக்கிறாள். கிழிந்த இடத்தின் மேல் மெல்லிய வலைத்துணி வைத்துத் தைத்துவிட்டால் இன்னும் 50 வருடம் இருக்கும். உடைந்த துண்டைப் பிரித்து எறியாமல் அதன் மேலேயே தைப்பதுதான் நல்ல பழுதுபார்ப்பு.

நல்ல க்வில்டுகளை எங்கே பார்க்கலாம்?

நெப்ராஸ்காவின் லிங்கன் நகரில் சர்வதேச க்வில்ட் அருங்காட்சியகம். 1997இல் ஒரு தம்பதி கொடுத்த ஏறக்குறைய 950 க்வில்டுகளோடு தொடங்கியது. கென்டக்கியின் பதுக்காவில் தேசிய க்வில்ட் அருங்காட்சியகம். அங்கே இன்றைய கலைஞர்களின் வேலை அதிகம். சாக்குப் பிரியர்கள் அயோவாவின் வெஸ்ட் பிராஞ்சில் உள்ள ஹூவர் நூலக அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். முதல் உலகப் போரில் பட்டினி கிடந்த பெல்ஜியத்துக்கு அமெரிக்கா அனுப்பிய மாவுச் சாக்குகளில் அந்த ஊர்ப் பெண்கள் பூவேலையும் லேஸ் வேலையும் செய்து நன்றியாகத் திருப்பி அனுப்பினார்கள்; அவற்றை அங்கே பார்க்கலாம். அச்சிட்ட ஆலைப் பெயரை அழிக்காமல், அந்த எழுத்தின் மேலேயே வண்ண நூலால் தைத்திருக்கிறார்கள். வர முடியாதவர்கள் ‘க்வில்ட் இண்டெக்ஸ்’ என்ற இலவச இணையத் தொகுப்பில் ஆயிரக்கணக்கானவற்றைப் படத்தோடு பார்க்கலாம்.

நான் வாங்கிய க்வில்டைத் தைத்தது யார் என்றே தெரியவில்லை. என்ன செய்வது?

பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. தெரிந்ததாக நினைப்பதும் சில நேரம் தவறு. 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் கம்பெனி நடத்திய போட்டிக்கு 24,000க்கும் மேற்பட்ட க்வில்டுகள் வந்தன. 1,000 டாலர் முதல் பரிசு வாங்கிய கென்டக்கிப் பெண்மணி அதில் ஒரு தையல்கூடப் போடவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது. கூலிக்குத் தைத்த பெண்களுக்குப் பரிசில் பங்கு கிடைக்கவில்லை. பரிசு பெற்ற க்வில்ட் அப்போதைய ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டுக்குப் போனது. இப்போது அது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

அதனால் தெரிந்ததை எழுதி வையுங்கள். எந்த ஊர், எந்த ஏலம், எந்த வருடம், யார் வீட்டுப் பொருள் என்று விற்றவர் சொன்னது, அவர் சொன்னபடியே. வெள்ளைப் பருத்தி நாடாவில் அழியாத மையால் எழுதி, முதலில் நாடாவைத் துவைத்து மை இறங்கவில்லை என்று பார்த்து, அடித்துணியின் ஒரு மூலையில் நான்கு பக்கமும் தைத்துவிடுங்கள். துணியின் மேல் நேராக எழுதக் கூடாது. என் 12 டாலர் க்வில்டில் இருப்பது இதுதான்: ‘மிசூரி, வீட்டு வாசல் விற்பனை. விற்றவரின் பெரியம்மா தைத்தது என்றார். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.’ மறுவாரம் கேட்கப் போனபோது அந்த வீடு காலியாக இருந்தது.